எந்த முகவரிக்கு வரட்டும்?

எண்பதுகளில் கெலாங் பாத்தா தோட்டத்துப் பிள்ளை பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்தால், வீட்டில் பெரிய பேச்சே முகவரியைப் பற்றித்தான். லயத்து வீட்டுக்குத் தபால்காரர் வரமாட்டார். கடிதம் தோட்ட ஆபீசுக்குப் போகும். கிராணி பிரித்துக் கொடுக்கும்போதுதான் கைக்கு வரும். பதிவு நாள் அதற்காகக் காத்திருக்காது.

அப்பா பட்டணத்து மளிகைக்கடை முகவரியை எழுதச் சொன்னார். கடைக்காரர் கடிதங்களை முருகன் காலண்டருக்குப் பின்னால் செருகி வைத்திருப்பார். சாமான் வாங்கப் போகிற யாராவது கொண்டுவந்து கொடுப்பார்கள். பழுப்பு உறையில் மண்ணெண்ணெய் வாசம் அடிக்கும். ஆனால் ஒரு கடிதம்கூடத் தவறியதில்லை. 1985இல் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் ஸ்கூடாய்க்கே வந்த பிறகும், அழைப்புக் கடிதம் அந்தக் காலண்டர் வழியாகத்தான் வந்தது.

இப்போது எடுசிட்டி என்ற பல்கலைக்கழக வளாகத் தொகுப்பே பக்கத்தில் இருக்கிறது. 2011இல் நியூகாசல் மருத்துவக் கல்லூரி வந்தது, அடுத்த ஆண்டு சவுத்ஹாம்டன். வேறொரு கல்லூரியில் படிக்கும் என் தங்கை மகள், சேர்ந்த வாரமே கல்லூரி மின்னஞ்சலெல்லாம் தன் ஜிமெயிலுக்குத் தானாக வந்து விழும்படி செய்துவிட்டாள்.

"ரெண்டு இன்பாக்ஸை யாரு பார்த்துக்கிட்டு இருக்கிறது மாமா?"

தேர்வு இடம் மாறிய அறிவிப்பு ஸ்பேமில் கிடந்தது. அவள் கவனக்குறைவு என்று சொல்லமாட்டேன். இடையில் ஒரு சர்வர் கைமாற்றி அனுப்பும் அஞ்சலை, அனுப்பியவர் பெயரில் யாரோ போலியாக அனுப்புவதாகச் சந்தேகித்து, பெறும் சர்வர் ஒதுக்கிவிடுவது உண்டு. மைக்ரோசாப்ட் 2020 முதல், நிர்வாகி அனுமதித்தாலொழிய, இப்படித் தானாக வெளியே அனுப்புவதையே தடுத்துவிடுகிறது. ஆகவே கல்லூரி அஞ்சலைக் கல்லூரிக் கணக்கிலேயே படிப்பதுதான் சரி. கைத்தொலைபேசியில் இரண்டு கணக்கையும் வைத்துக்கொண்டால் போதும்.

ஆனால் அந்தக் கணக்கு நமக்குச் சொந்தமில்லை. கூகுள் 2022இல் கல்வி நிலையங்களுக்கான வரம்பில்லாச் சேமிப்பை நிறுத்தி, ஒரு நிலையம் முழுமைக்கும் பொதுவாக 100 டெராபைட் என்று வரையறுத்தது. அதன் பிறகு பல பல்கலைக்கழகங்கள் பழைய மாணவர் கணக்குகளின் சேமிப்பிடத்தைக் குறைத்தன, அல்லது கணக்கையே மூடின.

கடைசி ஆண்டில் இருக்கும் பிள்ளைகளே, பிடிபிடிஎன் கல்விக்கடன், வங்கி, வேலை விண்ணப்பம் எல்லாவற்றிலும் இப்போதே உங்கள் சொந்த முகவரியைக் கொடுத்துவிடுங்கள். கல்லூரிக் கணக்கு மூடப்பட்ட பிறகும், கடவுச்சொல்லை மாற்றும் குறியீடு அங்கேதான் அனுப்பப்படும்; உங்கள் கைக்கு வராது.