எலியும் வேறெலியும்: சுங்கை ரம்பாய் வட்டாரத்து வழிப்படங்கள் குறித்த ஓர் ஆய்வு

ஆய்வுக் களம், மலாக்கா மாநிலத்தின் ஜாசின் மாவட்டத்தில், மெர்லிமாவுக்கும் மூவாருக்கும் நடுவே உள்ள சுங்கை ரம்பாய். ஆய்வுக் காலம், வட்டுக் கடைகள் கொடிகட்டிப் பறந்த 2000களின் பிற்பாதி. ஆய்வுப் பொருள், பெரிய கார்ட்டூன் படம் ஒன்று வந்த கையோடு, அதன் ஒன்றுவிட்ட தம்பி மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு வந்து நிற்கும் சின்னப் படம். நிதியுதவி, தோட்டத்துப் பாட்டி ஒருவரின் சுருக்குப்பை.

இத்துறையின் முன்னோடி பவணந்தி முனிவர். 13ஆம் நூற்றாண்டில் கார்ட்டூன் கிடைக்காத காரணத்தால் அவர் நூல்களை மட்டுமே முதல், வழி, சார்பு என்று வகுத்தார். நன்னூலில் நூல் என்று வரும் இடத்தில் படம் என்று வாசித்துக்கொள்ள இலக்கணத் தடை ஏதும் இருப்பதாகத் தெரியவில்லை. முதலோடு பெரும்பாலும் ஒத்து, செய்தவர் விரும்பிய இடத்தில் மட்டும் விலகுவது வழி. முதலுக்கும் வழிக்கும் கொஞ்சமாக ஒத்து, மிச்சமெல்லாம் தன் போக்கில் போவது சார்பு. இனி எலிக்கு வருவோம்.

2007இல் பிக்ஸார் நிறுவனம் 'ராட்டட்டூயி'யை வெளியிட்டது. பாரிஸ் உணவகத்தில் ரகசியமாகச் சமைக்கும் எலியின் கதை. செலவு 15 கோடி டாலர். அதே ஆண்டில் பிரேசில் நாட்டு வீடியோ பிரிங்கேடோ நிறுவனத்திலிருந்து 'ராட்டாட்டோயிங்' வந்தது. இதிலும் எலி, இதிலும் சமையல். ஊர் ரியோ டி ஜெனிரோ, நாயகன் பெயர் மார்செல் டோயிங், ஓடும் நேரம் முக்கால் மணி. மனிதர் அடுக்களையில் புகுந்து சாமான் எடுத்துவந்து, எலிகளே நடத்தும் கடையில் எலிகளுக்கே பரிமாறுகிறார்கள். சுகாதார அதிகாரி வரமாட்டார் என்ற அளவில் பிரேசில் எலியின் திட்டமே உறுதியானது என்பது இக்கட்டுரையாளர் கருத்து. (செம்பனைத் தோட்டத்தில் எலியைப் பிடிக்க ஆந்தைக்குப் பெட்டி கட்டித் தரும் நமக்கு எலி நாயகனானதே தனி வியப்பு. அது வேறு ஆய்வு.) இதே நிறுவனம் 2006இல் 'கார்ஸ்' வந்தபோது குட்டிக் கார்களையும், 2008இல் 'குங்ஃபூ பாண்டா' வந்தபோது சண்டையைவிட நடனத்தில் மனம் வைத்த ஒரு பாண்டாவையும் தந்தது. முன்னது வழி, பின்னது சார்பு.

களத்தில் நடந்தது இது. பாட்டி நேர்மையானவர். பசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில் பிளாஸ்டிக் உறையில் கட்டித் தொங்கவிட்ட திருட்டு வட்டைத் தொடமாட்டார். 2003 முதல் ஒரிஜினல் வட்டில் பளபளக்கும் ஹோலோகிராம் ஒட்டியிருக்க வேண்டும் என்பது அன்றைய சட்டம். அதைப் பார்த்து டவுன் கடையில்தான் வாங்குவார். பேரனுக்கு எலிப்படம் கேட்டபோது கடைக்காரர் ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

"பாட்டி, இது வேற எலி," என்றான் பேரன்.

"எலின்னா எலிதான்டா. பாரு, தொப்பியெல்லாம் போட்டிருக்கு."

"இனி பூன் தீக்குஸ்," என்றார் கடைக்காரர். இதுவும் எலிதான் என்று மலாயில் அவர் தந்த இந்தச் சான்றை மறுக்க யாராலும் முடியவில்லை.

விளைவைக் கவனிக்க வேண்டும். பசார் மாலாமில் இருந்தது போலி வட்டு, உள்ளே அசல் எலி. பாட்டி வாங்கியது அசல் வட்டு, உள்ளே வேறெலி. சட்டத்தை மீறியவன் வீட்டில் பாரிஸ் ஓட, சட்டத்தை மதித்தவர் வீட்டில் ரியோ ஓடியது.

திருட்டு வட்டுச் சிக்கலை அரசாங்கமும் தீர்க்க முயன்றது. 2007 மார்ச்சில் லக்கி, ஃபுளோ என்ற இரண்டு கறுப்பு லாப்ரடார் நாய்கள் மலேசியாவுக்கு வந்தன. வட அயர்லாந்தில் பழக்கி, அமெரிக்கத் திரைப்பட நிறுவனங்களின் சங்கம் அனுப்பிவைத்தவை. ஜொகூர் பாருவில் குவியல் குவியலாகத் திருட்டு வட்டுகளைப் பிடித்துக் கொடுத்தன. வட்டு வியாபாரிகள் அவற்றின் தலைக்கு விலை வைத்ததாகக்கூடச் செய்தி வந்தது. ஆனால் அவை மோப்பம் பிடித்தது பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக்கை மட்டுமே. திருட்டு வட்டும் நல்ல வட்டும் அவற்றின் மூக்குக்கு ஒன்று. எலிக்கும் வேறெலிக்கும் உள்ள வேறுபாடு அவற்றின் பாடத்திட்டத்திலேயே இல்லை.

நாய் எங்கே முகர்ந்திருக்க வேண்டும்? அட்டையை. வழிப்படத்தில் அட்டைதான் மூலம், படம் அதற்கு எழுதப்பட்ட முக்கால் மணிநேர உரை. வாங்குகிறவருக்காகச் செய்தது அட்டை. பார்க்கிறவருக்கு எஞ்சியதே படம்.

சான்றுக்குச் சீனா போகலாம். 2015இல் அங்கே வந்த ஒரு கார் படத்தின் சுவரொட்டியில், தலைப்பின் ஓர் எழுத்தின் மேல் டயர் ஒன்று உட்கார்ந்திருந்தது. அந்த எழுத்து மறைந்தால் மிஞ்சுவது 'கார்ஸ்' படத்தின் சீனத் தலைப்பு மாதிரியே இருக்கும். வழக்கு ஷாங்காய் நீதிமன்றத்துக்குப் போய், 2016 கடைசியில் டிஸ்னிக்கும் பிக்ஸாருக்கும் 13 லட்சத்து 50 ஆயிரம் யுவான் கொடுக்கச் சொன்னார்கள். ஒரு டயருக்கு இவ்வளவு விலை கொடுத்தவர் உலகில் வேறு யாரும் இருக்க முடியாது.

இந்தியாவின் பங்களிப்பு இன்னும் நுட்பமானது. 2011இல் அங்கே 'சூப்பர் கே' என்று ஒரு படம் எடுத்தார்கள். மறு ஆண்டு பிக்ஸாரின் 'பிரேவ்' வந்தது. அதன் பிறகு சூப்பர் கே, வெளிநாட்டு அட்டைகளில் 'கியாரா தி பிரேவ்' ஆகிவிட்டது. முதல்படம் பிறக்கும் முன்பே வழிப்படம் தயாராக இருந்தது என்றால், பவணந்தியார் கொஞ்சம் தடுமாறத்தான் செய்வார். அட்டை மட்டும் காலவரிசைப்படி நடந்துகொண்டது.

ஆய்வில் விடுபட்ட ஒன்றையும் பதிவு செய்ய வேண்டும். வேற எலி என்று அழுத பேரன் அந்த வட்டைத் தேயத் தேயப் பார்த்தான். எலிகள் சாமான் எடுக்கப் போகும் இடம் வந்தால் வசனத்தைக் கூடவே சொல்லுவான். பின்னாளில் அசல் 'ராட்டட்டூயி' தொலைக்காட்சியில் வந்தபோது, மார்செல் எப்போது வருவான் என்று கேட்டுவிட்டுப் பாதியில் எழுந்து விளையாடப் போய்விட்டான்.