நில்கடிகார இயல்

கடிகாரங்களை ஆராய்ந்த முன்னோர் சிலர் விலையால் பிரித்தனர். சிலர் உள்ளே ஓடும் பொறியால் பிரித்தனர். இலக்கணத்தால் பிரித்தவர் எவரும் இல்லை. அக்குறை தீர எழுந்தது இந்நூல். நூல் எழுந்த இடம் ஜோகூர் மாநிலத்துப் பண்டார் தெங்காராவில், செம்பனைக்குலை ஏற்றிய லோரிகள் திரும்பும் வளைவில் உள்ள ஓர் ஒட்டுக்கடை. நூல் செய்த காலம், தே தாரிக் வந்ததிலிருந்து அது ஆறும்வரை.

இடச்சிறப்பு கூறுதும். பண்டார் என்றால் மலாயில் நகர், தெங்காரா என்றால் தென்கிழக்கு. 1972இல் அமைந்த தென்கிழக்கு ஜோகூர் வளர்ச்சி வாரியமாகிய கெஜோரா, காட்டைத் திருத்திச் செம்பனை நட்டு எழுப்பிய ஊர்களுள் ஒன்று இது. மனையடி சாஸ்திரப்படி தென்கிழக்கு அக்கினி மூலை, அடுப்புக்கு உரியது. மதியம் இரண்டு மணிக்கு இங்கே வந்து நின்றவர் எவரும் சாஸ்திரத்தைப் பழிக்கமாட்டார். இவ்வூரில் ரோலெக்ஸ் கடை இல்லை. கிடைக்காத பொருளை ஆராயக் கிடைக்காத ஊரே தகும். கடவுளைப் பற்றி நூல் செய்தவர்களும் பெரும்பாலும் அப்படித்தான் செய்தார்கள்.

நூல் வந்த வழி: சிங்கப்பூரில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் கைப்பேசியில் ஒரு படம் காட்டினார். “அண்ணே, இத ஒரு வருசம்கூடச் செய்யல. நிறுத்திட்டான். அதான் இந்த விலை!” பக்கத்து மேசையில் இருந்த கிராணி ஐயா, தோட்ட ஆபீசில் முப்பது வருடம் கணக்கு எழுதியவர், கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். “நின்னுபோன கடிகாரத்துக்கா இம்புட்டு வெள்ளி?”

தம்பி சிரித்தார். நான் சிரிக்கவில்லை. ஐயாவின் கேள்வியில் ஓர் இயலே அடங்கியிருந்தது.

படத்தில் இருந்தது வெள்ளைத் தங்க டேடோனா. லெ மான் 24 மணி நேரக் கார்ப் பந்தயத்தின் நூற்றாண்டை ஒட்டி 2023 ஜூனில் ரோலெக்ஸ் வெளியிட்டது. கறுப்பு வளையத்தில் 100 என்ற எண் மட்டும் சிவப்பு. மற்ற டேடோனாக்களில் ஓட்டநேரம் அளக்கும் குட்டி வட்டம் 12 மணியோடு நின்றுகொள்ளும். இதில் 24 வரை போகும். மறுவருடமே வெள்ளைத் தங்கத்தை நிறுத்தினார்கள். பின்பு அதே உரு மஞ்சள் தங்கத்தில் மறுபிறவி எடுத்தது. முன்பிறவியை வாங்கியவர்கள் இதனால் சற்றும் கலங்கவில்லை.

இனி வகை. அரிய கடிகாரங்களை முதலில் ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சத்தால் பிரிக்க வேண்டும். பள்ளியில் இந்தப் பெயரைக் கேட்டே தமிழை விட்டு ஓடியவர்கள் மன்னிக்க. ‘ஓடாக் குதிரை’யை நினைத்துக்கொண்டால் போதும்.

முதலாவது, விற்காக் கடிகாரம். 1960களில் டேடோனாவுக்கு வழக்கமல்லாத ஒரு முகப்பும் போட்டார்கள். உள்வட்டங்களில் வேறு நிறம், கோடுகளின் முனையில் குட்டிச் சதுரங்கள். பார்த்தவர்கள் முகம் சுளித்தார்கள். அது கடைக் கண்ணாடிக்குள்ளேயே வெகுநாள் கிடந்தது. அப்படி ஒன்றை நடிகர் பால் நியூமனுக்கு மனைவி ஜோன் வுட்வர்ட் வாங்கித் தந்தார். கார்ப் பந்தயப் பைத்தியமான கணவனிடம், பார்த்து ஓட்டும்படி சொல்லிப் பின்மூடியில் பொறித்தும் கொடுத்தார். 2017 அக்டோபரில் நியூயார்க் ஏலத்தில் அந்தக் கடிகாரம் 1 கோடியே 77 லட்சம் டாலருக்குப் போயிற்று. விலைபோகாததால் குறைவாகவே வெளியேறியது, குறைவாக இருந்ததால் விலைபோனது. எல்லா வகையிலும் இதையே தலை என்று கொள்வேன். இங்கே அருமையை யாரும் திட்டமிடவில்லை. ஊரின் ரசனைக்கேடு திட்டமிட்டது. இரவுச் சந்தையான பசார் மாலாமில் மிஞ்சிப்போகும் சட்டைகளுக்கு மட்டும் இந்த யோகம் ஏன் வாய்ப்பதில்லை என்பது தனி ஆய்வுக்கு உரியது.

இரண்டாவது, கிடைக்காக் கடிகாரம். கிடைக்கக்கூடாது என்றே செய்யப்படுவது. பட்டேக் பிலிப்பின் எஃகு நாட்டிலஸ் 5711 வந்தது 2006இல், தங்கமல்ல. 2021 தொடக்கத்தில் அதற்கு மூடுவிழா என்றார்கள். சில மாதங்களில் பச்சை முகப்பில் ஒன்று வந்தது. வருடக் கடைசியில் டிஃபனி நகைக்கடையின் வெளிர்நீலத்தில் இன்னொன்று. இரு நிறுவனங்களின் உறவுக்கு வயது 170 என்பதால் எண்ணிக்கையும் 170. அதில் ஒன்று அந்த டிசம்பரிலேயே 65 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. மங்களம் பாடி முடித்த வித்துவான், சபை எழுவதற்குள் இரண்டு துக்கடா பாடுவதும், அதற்கே கைதட்டல் அதிகம் விழுவதும் நாம் அறியாததா?

நம்மவரும் இத்துறையில் பின்தங்கவில்லை. டாடாவும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் 1984இல் கூட்டுச் சேர்ந்து தொடங்கிய ஓசூர் டைட்டன், 40 ஆண்டு நிறைவுக்காக ஒரு கடிகாரம் செய்தது. முகப்பில் ஜெய்ப்பூர் நுண்ணோவியம், எண்ணிக்கை பத்தே பத்து, விலை 40 லட்சம் ரூபாய்க்கு மேல், பெயர் ‘ஜல்சா’. இந்தச் சொல் தமிழ்ப்பேச்சில் என்ன வேலை செய்கிறது என்பதை ஓசூர்க்காரர்கள் அறியாமலிருக்க மாட்டார்கள்.

மூன்றாவது, கட்டாக் கடிகாரம். பெட்டியைத் திறக்காமல், ஒட்டிவந்த மெல்லிய பிளாஸ்டிக்கைக்கூட உரிக்காமல் பெட்டகத்தில் வைப்பது. தானியங்கிக் கடிகாரம் கையசைவில் ஓடுவது. கட்டாவிட்டால் இரண்டு மூன்று நாளில் நின்றுவிடும். அதற்கு மருந்தாக, கடிகாரத்தை வைத்துச் சுழற்றிக்கொண்டே இருக்கும் மின்பெட்டி விற்கிறார்கள். வெறுந்தூளியை ஆட்டக்கூடாது என்ற பாட்டிமார் இதைப் பார்த்தால் சூடம் கொளுத்திச் சுற்றிப்போடுவார்கள்.

‘இறந்த கடிகாரம்’ என்று இறந்தகாலப் பெயரெச்சத்திலும் ஒரு வகை உண்டு. 1961இல் ஜப்பானின் சிட்டிசன் துணையோடு பெங்களூரில் கடிகாரம் செய்யத் தொடங்கியது எச்எம்டி. தலைமுறை தலைமுறையாக மாப்பிள்ளை கையில் ஏறியது. 2016 ஜனவரியில் அதன் கடிகார நிறுவனத்தை மூட மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. எச்எம்டியின் ஜனதா, பைலட் கடிகாரங்கள் அரியவையே அல்ல; ஊரெல்லாம் கிடந்தவை. ஆனாலும் சாவுச்செய்தி வந்தபின் தேடினார்கள். பழைய பொறிமேல் புது முகப்பு வரைந்து விற்பவர்களும் பிழைத்தார்கள். இறந்தவருக்குத்தான் உறவினர் பெருகுவர்.

இவ்வளவுக்கும் மேலானது வினைத்தொகை. காலங்காட்டும் உறுப்பு மறைந்து நிற்கும் சொல் அது. ஊறுகாய் என்றால் ஊறிய காய், ஊறுகின்ற காய், ஊறும் காய். மூன்று காலமும் ஒரு ஜாடிக்குள். அதுபோல நில்கடிகாரம். உற்பத்தி நின்றது என்று ஒருவர் வாங்குகிறார். பெட்டகத்தில் ஓடாமல் நிற்கிறது. நாளைக்கும் விலை நிற்கும் என்று நம்புகிறார். காலங்காட்டவே பிறந்த பொருள் காலத்தை ஒளித்துவைக்கும் சொல்லாகிவிடுகிறது. வினைத்தொகையில் ஒற்று மிகாது. ஆகவே ‘நில்க்கடிகாரம்’ என்று எழுதுவோர் வாங்கியது போலி என்று அறிக.

புறனடை ஒன்று உண்டு, அதுவும் இந்நாட்டிலேயே. கோலாலம்பூரில் புகைப்படக்காரர் மிங் தெய்ன் நண்பர்களைச் சேர்த்து 2017இல் தம் பெயரிலேயே கடிகாரம் தொடங்கினார். வரைவது இங்கே, செய்வது சுவிட்சர்லாந்தில். முதல் கடிகாரம் 17.01இன் விலை 900 சுவிஸ் பிராங்க். 2019இல் ஜெனீவாவின் பெரும்பரிசுப் போட்டியில், புதியவர்க்கான விருது இவர்களின் 17.06 செப்பு முகப்புக்குக் கிடைத்தது. இவர்களிடம் எண்ணிக்கை குறைவது பாவனையால் அன்று, அடுப்பு சிறியதால். ஒரு கல்லில் எத்தனை ரொட்டி சானாய் போடமுடியும்?

இதுவரை வாசித்துக் காட்டினேன். கிராணி ஐயா ஆறிய தேநீரை ஒரே மடக்கில் குடித்தார்.

“எல்லாஞ் சரி. அந்த அரை மணிய எதுல சேப்ப?”

“எந்த அரை மணி ஐயா?”

“எண்பத்தொண்ணு டிசம்பர் முப்பத்தொண்ணு ராத்திரி. பதினொன்றரை ஆனதும் பன்னெண்டுன்னு முள்ளத் தள்ளச் சொல்லிட்டான்ல கவர்மெண்டு.”

உண்மை. 1982 ஜனவரி 1 முதல் தீபகற்ப மலேசியா, சபா சரவாக்கோடு ஒரே நேரத்துக்கு வந்தது, சிங்கப்பூரும் பின்தொடர்ந்தது. பதினொன்றரைக்கும் பன்னிரண்டுக்கும் இடைப்பட்ட அந்த அரை மணி இங்கே உற்பத்தியாகவே இல்லை.

“அந்த வாரம் காலைல ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்கு மணி அதே மணிதான். இருட்டு மட்டும் அரை மணி கூடிப்போச்சு. மூஞ்சி தெரியாம பேர் கூப்பிட்டேன்.”

தம்பி கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தார். “தாத்தா, நீங்க கட்டியிருக்கற இந்தக் கடிகாரம் அப்பக் கையில இருந்ததா?”

“இருந்துச்சு. நாந்தான் தள்ளினேன்.”

“குடுப்பீங்களா? என்ன விலை சொல்றீங்க?”

ஐயா மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார். சர்க்கரை மாத்திரை போடும் நேரம். கடைக்காரரிடம் சுடுதண்ணீர் கேட்டார்.