குறி பார்த்துக் கேளுங்கள்

கேள்வி: ராஜகிரி உச்சிக்கு மொத்தம் எத்தனை படிகள்?
– வாசகர், வளத்தி

பதில்: ஏறும்போது எண்ண ஆரம்பித்தவர் பாதியில் உட்கார்ந்துவிட்டார். இறங்கி வந்தவர் முழங்காலைத்தான் எண்ணிப் பார்த்தார், இரண்டும் இருந்தன.

கேள்வி: ஜெர்மனியில் வேலை பார்க்கும் என் அக்கா மகன், அங்கே வேட்டை உரிமத் தேர்வில் பாஸாகி, லேசான துப்பாக்கி ஒன்று வாங்கியிருக்கிறான். மேல் குழல் சிதறு ரவைக்கு, கீழ்க் குழல் ரைஃபிள். முதல் குண்டு புள்ளியில் விழுகிறது. மூன்றாவது நாலு விரற்கடை மேலே ஏறிவிடுகிறதாம். கடைக்காரன் ஏமாற்றிவிட்டானா?
– வாசகர், செஞ்சி

பதில்: ஒரே சாமான் இரண்டு வேலை செய்யும் என்று யார் சொன்னாலும் நான் நம்பமாட்டேன் என்பது இந்தப் பகுதியின் பழைய வாசகர்களுக்குத் தெரியும். என் வீட்டு சோபா-கம்-பெட்டில் உட்கார்ந்தால் அது கட்டில், படுத்தால் சோபா. ஆனாலும் கடைக்காரன் மேல் பழி போடாதீர்கள். இது இரும்பின் குணம்.

இந்த ஜாதித் துப்பாக்கியில் பெரும்பாலும் இரண்டு குழலையும் நீளவாக்கில் பற்றவைத்து ஒட்டியிருப்பார்கள். கீழ்க் குழலில் சுட்டால் அது சூடேறி நீள்கிறது. மேல் குழல் குளிர்ந்து கிடப்பதால் நீள மறுக்கிறது. சேர்த்துக் கட்டிய இரண்டில் ஒன்று மட்டும் நீண்டால் ஜோடியே வளையும், வாய் மேலே தூக்கும். துப்பாக்கி லேசு என்றால் குழல் சன்னம். சன்னமான குழல் சீக்கிரம் சூடாகும். உங்கள் அக்கா மகன் அவசரக்காரன் என்றால் இன்னும் சீக்கிரம்.

வைத்தியம் சுலபம், செய்வதுதான் கஷ்டம். ஒரு குண்டு சுடட்டும். குழலைத் தொட்டால் கைக்குக் குளிர்ச்சி தெரியும்வரை காப்பி குடிக்கட்டும். பிறகு அடுத்த குண்டு. காட்டில் அவன் சுடப்போவது ஆறிய குழலின் முதல் குண்டைத்தான். மூன்றாவதுக்கு எந்தப் பன்றியும் காத்து நிற்காது. எனவே பார்வைக் குறியை அந்த முதல் குண்டுக்கே பொருத்த வேண்டும். குழலை எதன் மேலும் சாய்க்கக் கூடாது. மணல் மூட்டையில் படுவது முன்கட்டை மட்டும்தான், அதுவும் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில். கட்டையைத் தோளில் அழுத்தும் அழுத்தமும் மாறக் கூடாது. நாலைந்து வகைத் தோட்டா வாங்கிச் சோதித்து, துப்பாக்கிக்குப் பிடித்த ஒன்றோடு நின்றுவிட வேண்டும். குண்டின் எடை மாறினால் விழும் இடமும் மாறும். தொலைநோக்கி மாட்டிய திருகுகள் ஆடுகின்றனவா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். பாதி மர்மம் அங்கேயே தீரும்.

இத்தனைக்கும் பொறுமை இல்லை என்றால், ரைஃபிள் குழல் வாய்ப்பக்கம் ஒட்டாமல் தனியாக நீள விட்டிருக்கும் மாடல்களும் உண்டு. விலையைக் கேட்டால் பொறுமை தானாக வந்துவிடும்.

கேள்வி: துவைத்துக் காயவும் வைக்கும் வாஷிங் மிஷின் வாங்கலாமா?
– வாசகி, திண்டிவனம்

பதில்: மேலே படித்துவிட்டுமா?

கேள்வி: துப்பாக்கி லேசாக இருந்தால் கை நடுங்காது, குறி தவறாது. சரிதானே?
– கல்லூரி மாணவர், மேல்மலையனூர்

பதில்: தலைகீழ். கனமான துப்பாக்கி உங்கள் மூச்சையும் நாடித்துடிப்பையும் விழுங்கிவிடும். லேசானது அத்தனையையும் குழல் வாய்வரை ஒலிபரப்பும். வெடித்ததும் தோளில் இடிப்பதும் லேசானதுதான். அந்த இடியை நினைத்தே அடுத்த முறை விசையை இழுப்பதற்கு முன் கண்ணை மூடிக்கொள்வோம். துப்பாக்கி லேசு, விசை முரடு என்றால் இழுக்கிற இழுப்பிலேயே குறி நகர்ந்துவிடும். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் ஆடும் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டியில் 5.5 கிலோ வரை அனுமதி. பதக்கத்துக்கு ஆடுகிறவர்கள் யாரும் அதில் பாதி எடையைத் தேடி அலைவதில்லை. லேசான துப்பாக்கி மலையேறுகிறவருக்காகச் செய்தது. அதாவது, சுடுவதைவிட அதிக நேரம் சுமக்கிறவருக்கு.

கேள்வி: பொறுமை, பொறுமை என்கிறீர்களே, அதற்கு நம் ஊர்ச் சரித்திரத்தில் சாட்சி உண்டா?
– வாசகர், அனந்தபுரம்

பதில்: உண்டு. 1690-ல் செஞ்சிக் கோட்டையை முற்றுகையிட வந்த முகலாயத் தளபதி ஜுல்பிகர்கான் உள்ளே நுழைந்தது 1698-ல். அதற்குள் உள்ளே இருந்த மராட்டிய ராஜா ராஜாராம் தப்பிப் போய்விட்டார். எதிர்ச்சாட்சியும் உண்டு: 1750-ல் பிரெஞ்சுக்காரர் புஸ்ஸி இதே கோட்டையை ஒரே ராத்திரியில் பிடித்தார். பொறுமைக்கும் சோம்பலுக்கும் நடுவில் கோடு எங்கே என்று ஜுல்பிகர்கானைத்தான் கேட்க வேண்டும்.

கேள்வி: வெள்ளைக்காரர்கள் நம் காடுகளில் இரட்டை வேலைத் துப்பாக்கி வைத்திருந்ததாகச் சொல்கிறார்களே?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், அவலூர்பேட்டை

பதில்: என் கொள்கைக்கு இருக்கும் ஒரே விதிவிலக்கைச் சரியாகப் பிடித்துவிட்டீர்கள், ஐயா. பெயர் பாரடாக்ஸ். செய்தவர் ஜார்ஜ் ஃபாஸ்பெரி, இந்தியப் படை அதிகாரி. 1863-ல் வடமேற்கு எல்லையில் நடந்த அம்பேலா சண்டையில் விக்டோரியா கிராஸ் வாங்கியவர். 1885-ல் அவர் காப்புரிமை பெற்ற யோசனையை லண்டனின் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் கம்பெனி துப்பாக்கியாக்கியது. குழல் முழுக்க வழவழப்பு; வாய்ப்பக்கம் கடைசி ஓரிரு அங்குலத்தில் மட்டும் சுழல்வரிகள். ரவை போட்டால் சிதறும், குண்டு போட்டால் சுழன்று நேராகப் போகும். நூறு கஜம்வரை நம்பலாம். அடுத்த புதரிலிருந்து கௌதாரி வருமா கரடி வருமா என்று தெரியாத காட்டுக்கு இதைவிடத் தோதான சாமான் இல்லை. எடை ஏழு பவுண்டுக்கு அக்கம் பக்கம். அதையும் துரை தூக்கவில்லை, கூட வந்த நம் ஆள்தான் தூக்கினார்.

கேள்வி: உலகத்திலேயே விசித்திரமான கூட்டுத் துப்பாக்கி எது?
– வாசகர், நாட்டார்மங்கலம்

பதில்: விண்வெளிக்குப் போனது! 1965-ல் ரஷ்ய விண்வெளி வீரர்கள் லியோனவும் பெல்யாயேவும் வந்த விண்கலம் குறி தவறி, யூரல் பக்கத்துப் பனிக்காட்டில் இறங்கியது. ஓநாயும் கரடியும் உலவும் காட்டில் இரண்டு ராத்திரி. வானத்தில் முதன்முதலாக நடந்துவிட்டு வந்த லியோனவ் தரையில் நடக்கப் பயந்த கதை. பிறகு ரஷ்யர்கள் டி.பி.-82 என்று ஒன்று செய்து, 1986 முதல் சோயுஸ் விண்கலத்தில் வைத்து அனுப்பினார்கள். மேலே இரண்டு ரவைக் குழல், கீழே ஒரு ரைஃபிள் குழல், கழற்றினால் வெட்டுக்கத்தியாகும் கட்டை! நம் ராகேஷ் சர்மா 1984-லேயே போய்த் திரும்பிவிட்டதால் இந்தப் பாக்கியம் வாய்க்கவில்லை.

கேள்வி: தாத்தாவின் இரட்டைக் குழல் துப்பாக்கி பரணில் கிடக்கிறது. எடுத்துத் துடைத்துக் குறி பார்க்கலாமா?
– வாசகர், ஆலம்பூண்டி

பதில்: லைசென்ஸ் தாத்தா பெயரில், தாத்தா மேலுலகத்தில் என்றால், நீங்கள் குறி பார்க்க வேண்டிய இடம் போலீஸ் ஸ்டேஷன். அங்கே ஒப்படைத்துவிட்டு வாரிசு உரிமத்துக்கு மனுப் போடுங்கள். கிடைத்தாலும் பெரிதாகத் துடைக்க வேண்டியிருக்காது. தேர்தலுக்குத் தேர்தல் ஸ்டேஷனில் கட்டிவைக்கச் சொல்வார்கள். நம் நாட்டில் தேர்தலுக்கா பஞ்சம்?

கேள்வி: மல்லாட்டைக் கொல்லையைக் காட்டுப்பன்றி உழுதுவிட்டுப் போகிறது. நாட்டுத் துப்பாக்கியால் ஒன்றைப் போட்டால் என்ன?
– விவசாயி, பாக்கம் மலை அடிவாரம்

பதில்: உங்கள் வயிற்றெரிச்சல் புரிகிறது. இதில் விளையாட்டாகப் பதில் சொல்லமாட்டேன். 1972-ன் வனவிலங்குச் சட்டப்படி நீங்கள் சுட்டால் பன்றியோடு நீங்களும் மாட்டுவீர்கள். 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்த நடைமுறை இது: காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் சுடக் கூடாது, 1 முதல் 3 கிலோமீட்டருக்குள் வந்தால் பிடித்துக் காட்டில் விட வேண்டும், 3 கிலோமீட்டரைத் தாண்டினால் சுடலாம், ஆனால் சுடுகிற கை வனத்துறையினுடையது. ஆகவே மனு, போட்டோ, நஷ்டக் கணக்கு மூன்றோடும் வனச்சரக அலுவலகத்துக்குப் போங்கள். தனியாகப் போகாதீர்கள், அக்கம்பக்கத்துக் கொல்லைக்காரர்களையும் கூட்டிப் போங்கள். கள்ளமாக மின்வேலி மட்டும் போடாதீர்கள். விடிகாலையில் தண்ணீர் பாய்ச்ச வருகிற மனுஷனைத்தான் அது முதலில் பிடிக்கும்.

கேள்வி: நரிக்குறவர்கள் பழைய ஒற்றைக் குழலில் எப்படிக் குறி தப்பாமல் அடித்தார்கள்?
– வாசகி, செஞ்சி

பதில்: கருமருந்து கெட்டித்து, ரவை போட்டு, துணி அடைத்து, கம்பியால் குத்தி முடிப்பதற்குள் காடை அடுத்த ஊர் போய்விடும். இரண்டாவது வேட்டு என்று ஒன்று அவர்களுக்குக் கிடையாது. ஆகவே தூரத்திலிருந்து சுடவே மாட்டார்கள். காற்று எந்தப் பக்கம், பறவை எங்கே மேய்கிறது, எந்த வரப்பு மறைப்பு என்று பார்த்துப் பார்த்து, தப்பவே முடியாத கிட்டத்துக்குப் போய்விடுவார்கள். அவர்கள் குறி காலில் இருந்தது. 1972-க்குப் பிறகு அந்தத் தொழிலைச் சட்டம் மூடியது. மூடியது சரி, ஆனால் மாற்றாக ஒரு பிழைப்பைக் கையில் கொடுக்க யாரும் அவசரப்படவில்லை. பழங்குடிப் பட்டியலில் அவர்களைச் சேர்க்கும் மசோதாவை நாடாளுமன்றம் நிறைவேற்றவே 2022 டிசம்பர் ஆனது. ஊசிமணி விற்க வரும்போது பேரம் பேசுகிறவர்கள் இந்தக் கணக்கையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: காட்டுக்குள் போக ஆசை. சுடாமல் வேறு என்ன செய்யலாம்?
– மாணவி, விழுப்புரம்

பதில்: அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன் செய்ததைச் செய்யலாம். எதெதிலிருந்தோ கழற்றிய பாகங்களைக் கோத்து அவரே ஒரு கேமரா கட்டிக்கொண்டார். அதற்கு அவர் வைத்த பெயர் சூப்பர் பாண்டரோசா. அதுவும் கூட்டுச் சாமான்தான், ஆனால் லேசு என்று யாரும் சொல்லமாட்டார்கள். அதைச் சுமந்து திரிந்து எடுத்த யானைப் படங்களை இன்றும் பார்க்கலாம்.

கேள்வி: நானும் ஜெர்மனி போனால் வேட்டைத் தேர்வில் பாஸாவேனா?
– வாசகர், திண்டிவனம்

பதில்: முதலில் திண்டிவனத்தில் பஸ் பிடித்துக் காட்டுங்கள்.