கல்வித் தகுதியைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

தேர்வாணைய அறிவிக்கையில் கல்வித் தகுதிப் பகுதியை வெறும் வயிற்றில் படிக்காதீர்கள். சாப்பிட்டுவிட்டு, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அடிக்குறிப்பிலிருந்து மேல்நோக்கிப் படியுங்கள். தகுதி மேலே இருக்கும்; உங்களை வீட்டுக்கு அனுப்பும் வரி கீழே இருக்கும்.

பட்டம் இருக்கிறதா என்பதல்ல கேள்வி, எந்த வரிசையில் வாங்கினீர்கள் என்பதுதான். பத்து, பிளஸ் டூ, அப்புறம் பட்டம். பிளஸ் டூவைத் தாண்டிக் குதித்து, திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. வரை போனவர்களுக்காகவே 2009இல் 107ஆம் எண் அரசாணை வந்தது. அந்த எம்.ஏ. அரசு வேலைக்குச் செல்லாது. மனம் தளர வேண்டாம், பத்தாம் வகுப்புச் சான்றிதழ் செல்லும். குரூப் 4க்கு அது போதும்.

'அதற்கு இணையான' என்ற சொல்லைக் கண்டு பூரிப்பவர்கள் இந்தத் துறைக்குப் புதியவர்கள். இரண்டு பட்டத்துக்கும் ஒரே பாடத்திட்டம்தான் என்று உங்கள் பேராசிரியர் சூடம் அடித்துச் சத்தியம் செய்தாலும் எடுபடாது. உயர்கல்வித் துறை அரசாணை சொல்ல வேண்டும், அதுவும் அறிவிக்கை நாளுக்குள் சொல்லியிருக்க வேண்டும்.

தமிழ்வழி முன்னுரிமை கேட்பவர்களுக்கு இப்போது ஒன்றாம் வகுப்பிலிருந்தே சான்று தேவை. உங்கள் தொடக்கப்பள்ளி இன்னும் இருக்கிறதா என்று ஒரு நடை போய்ப் பார்த்துவிடுங்கள்.

அதிகம் படித்தவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம். கேரள மின்வாரியத்தில் டிப்ளமா கேட்ட சப் இன்ஜினியர் பதவிக்கு பி.டெக். படித்தவர்கள் வந்தார்கள். சரிதான் என்றது உச்ச நீதிமன்றம், 2010இல். ஜம்மு காஷ்மீரில் ஐ.டி.ஐ. கேட்ட டெக்னீஷியன் பதவிக்கு டிப்ளமாக்காரர்கள் வந்தார்கள். 2018இல் அதே நீதிமன்றம் முடியாது என்றது. கேரள விதியில் மேற்படிப்பை ஏற்க ஒரு வரி இருந்தது, இங்கே இல்லை. ஆகவே சட்டப் புத்தகத்தையும் பாடத்திட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பஞ்சாப் நேஷனல் வங்கியின் பியூன் வேலைக்கோ பிளஸ் டூ தேறியிருக்க வேண்டும், பட்டதாரியாக இருக்கக் கூடாது. ஒருவர் பட்டத்தை மறைத்துத் தேர்வானார். 2020இல் உச்ச நீதிமன்றம் வங்கி பக்கம் நின்றது. காட்டினால் தகுதியில்லை, மறைத்தால் நேர்மையில்லை. இதுபோன்ற வேலைக்கு ஆசைப்படுகிறவர்கள் கல்லூரி முடிவதற்குள் விண்ணப்பித்துவிடுவது நல்லது. கையில் ஓர் அரியர் வைத்திருந்தால் இன்னும் பாதுகாப்பு.