ஒரு மார்க் 20 லட்சம்

நீட் முடிவு வந்த மறுநாள் காலை, குக்கர் மூன்றாவது விசில் அடிப்பதற்குள் போன் வந்துவிடும். "சார், வாழ்த்துகள் சார். பாப்பா க்வாலிஃபை ஆயிட்டாங்க. உங்களுக்கு நாலு காலேஜ்ல ஆப்ஷன் இருக்கு. எதுன்னு நீங்க முடிவு பண்ணிச் சொல்லுங்க, மத்ததை நாங்க பாத்துக்கறோம்." பாப்பாவின் மதிப்பெண்ணைப் பெரியப்பாவுக்கே இன்னும் சொல்லவில்லை. போனில் பேசுகிறவருக்கோ மதிப்பெண், சாதிப் பிரிவு, அப்பாவுக்கு ரோட்டோரத்தில் நிலம் இருப்பது வரை அத்துப்படி. எப்படித் தெரியும் என்று கேட்டால் "எல்லாம் டேட்டா சார்" என்பார். முதியோர் உதவித்தொகைக்கு அலைகிற பாட்டியின் மனுவைத் தாலுகா ஆபீஸில் மூன்று வருடமாகத் தேடிக்கொண்டிருப்பார்கள். 137 மார்க் வாங்கிய பெண்ணின் அப்பாவை மட்டும் ஒரே ராத்திரியில் கண்டுபிடித்துவிட முடிகிறது.

மருத்துவ சீட் தேர்ந்தெடுக்கும் பருவம் நம் ஊரில் ஆடி மாதத்தை ஒட்டித்தான் வரும். தள்ளுபடி மட்டும் கிடையாது. சென்னை மருத்துவக் கல்லூரியா, ஸ்டான்லியா என்று சண்டை நடக்கும் வீடுகளும் சில உண்டு. "1835ல ஆரம்பிச்ச காலேஜ்டி அது" என்று அப்பா ஒரு பக்கம், "ஹாஸ்டல் எது நல்லா இருக்கோ அங்க போடு" என்று அம்மா ஒரு பக்கம். அவர்களை விட்டுவிடுவோம். அந்தப் பிள்ளைகள் எங்கே போனாலும் பிழைத்துக்கொள்வார்கள். அதற்குக் கீழே நிற்கிற பெருங்கூட்டத்தின் கதை வேறு. அங்கே சாய்ஸ் ஃபில்லிங் செய்வது பிள்ளையின் கையல்ல, அப்பாவின் பாஸ்புக்.

விலைப்பட்டியலைப் பாருங்கள். அரசுக் கல்லூரியில் கல்விக் கட்டணம் ஆண்டுக்கு 20,000 ரூபாயைத் தொடாது. தனியார் கல்லூரியின் அரசு ஒதுக்கீட்டு இடம், சமீப ஆண்டுகளில் கட்டண நிர்ணயக் குழு போட்ட கணக்குப்படி, 4.5 லட்சத்தை ஒட்டி வரும். அதே கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீடு என்றால் 13.5 லட்சம். வெளிநாடுவாழ் இந்தியர் ஒதுக்கீடு என்றால் 24.5 லட்சம். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களில் 25 லட்சத்தைச் சுற்றி ஆடும். இவையெல்லாம் ஆண்டுக்கு. ஹாஸ்டல், மெஸ், இன்னபிற தனி. "இன்னபிற" என்ற தலைப்பில் என்னென்ன வருமென்று முதலாண்டு முடிவில்தான் தெரியும்.

உடற்கூறு வகுப்பில் ஒரு மேஜையைச் சுற்றி எட்டுப் பேர் நிற்கிறார்கள். ஃபார்மலின் நெடி எட்டுப் பேரின் கண்ணையும் ஒரே மாதிரி எரிக்கிறது. எட்டுப் பேரும் ஒரே கையின் நரம்பைத் தேடுகிறார்கள். ஒருத்தியின் அப்பா கட்டியது 4.5, பக்கத்தில் இருப்பவனின் அப்பா கட்டியது 13.5, எதிரே நிற்பவனின் மாமா துபாயிலிருந்து அனுப்பியது 24.5. மேஜைமேல் கிடப்பவருக்கு இந்த வித்தியாசம் தெரியப்போவதில்லை. பத்து வருடம் கழித்து இவர்களிடம் உயிரோடு வந்து படுக்கிறவருக்குத் தெரியும், பில்லில் இருக்கும்.

அரசுக் கல்லூரியின் கடைசி இடம் ஒரு பெண்ணுக்குப் போகிறது. அதே பிரிவில், அதே மொத்த மதிப்பெண்ணோடு இன்னொரு பெண் அடுத்த இடத்தில் நிற்கிறாள். சமமாக வந்தால் முதலில் உயிரியல் மதிப்பெண்ணைப் பார்ப்பார்கள். அதில் ஏதோ ஒரு கேள்வியில் அவள் சறுக்கிவிட்டாள். முதல் பெண் நாலரை ஆண்டும் சேர்த்து ஒரு லட்சத்துக்குள் படித்து முடிக்கிறாள். இரண்டாமவளுக்குக் கிடைப்பது தனியார் கல்லூரியின் அரசு ஒதுக்கீட்டு இடம், அதற்கு வீட்டில் 20 லட்சம் வேண்டும். மைட்டோகாண்ட்ரியாவைப் பற்றிய ஒரு கேள்விக்கு உலகத்தில் வேறெங்கும் இவ்வளவு விலை கொடுத்திருக்க மாட்டார்கள். வங்கியில் கல்விக்கடன் கேட்டால் அடமானம் கேட்பார்கள். அடமானம் வைக்க ஏதாவது இருந்தால் அவள் அப்பா ஏன் மெக்கானிக் ஷெட்டில் நிற்கிறார்? அவள் விலகுகிறாள். அந்த இடம் அவளுக்குப் பின்னால் நிற்பவருக்குப் போகிறது. அவரும் விலகினால் அதற்கும் பின்னால்.

இந்த விலகலில்தான் வியாபாரத்தின் உயிர்நாடி இருக்கிறது. 2023 நீட்டில் தேர்வு எழுதியவர்கள் 20 லட்சத்துக்கு மேல். தகுதி பெற்றவர்கள் ஏறத்தாழ 11.5 லட்சம். நாட்டில் இருந்த எம்.பி.பி.எஸ். இடங்கள் ஒரு லட்சத்துச் சொச்சம். ஒரு நாற்காலிக்குப் பத்துக்கும் மேற்பட்டவர்களைத் "தகுதியானவர்" என்று முத்திரை குத்தி அனுப்புவதன் நோக்கம் என்ன? பொதுப்பிரிவுக்கு அந்த ஆண்டு தகுதி மதிப்பெண் 720-க்கு 137. சரியான விடைக்கு 4, தவறுக்கு 1 கழியும். எழுத வேண்டிய 180 கேள்விகளில் 35-ஐச் சரியாக எழுதி, 3-ஐத் தவறாக எழுதி, மீதி 142 கேள்விகளை அப்படியே விட்டுவிட்டு எழுந்து வந்தால் 137 வந்துவிடும். இந்தத் தகுதிக்குப் பெயர் 50 பெர்சன்டைல். அதை நூற்றுக்கு ஐம்பது என்று நினைத்துக் கோயிலில் தேங்காய் உடைத்த அப்பாக்கள் ஏராளம். வரிசை இவ்வளவு நீளமாக இருப்பது வரிசையின் கடைசியில் நிற்பவருக்காகத்தான். நடுவில் இருக்கிற ஏழைகள் ஒவ்வொருவராக உதிர உதிர, 137-ஐ வைத்திருப்பவரின் முறை வரும். அவர் கையில் காசோலை இருக்கும். முறை தவறாமல், கவுன்சலிங் மூலமாக, முழுக்க முழுக்கத் தகுதியின் அடிப்படையில் அவர் டாக்டராவார்.

நீட் வருவதற்கு முன்னால் எல்லாம் யோக்கியமாக நடந்தது என்று யாராவது சொன்னால் சிரித்துவிடுங்கள். நன்கொடை வாங்கக் கூடாது என்று தமிழ்நாட்டில் 1992-லேயே சட்டம் போட்டாயிற்று. அதற்குப் பிறகு நன்கொடை வாங்கிய கல்லூரிகள் அந்தச் சட்டத்துக்கு மரியாதை கொடுத்து ரசீது மட்டும் தரவில்லை. அன்றைக்கு சூட்கேஸில் வந்தது, இன்றைக்கு ஆர்.டி.ஜி.எஸ்.ஸில் வருகிறது. இதற்குத்தான் டெல்லியில் சீர்திருத்தம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

அரியலூர் மாவட்டத்துக் குழுமூர் அனிதா பன்னிரண்டாம் வகுப்பில் 1200-க்கு 1176 வாங்கினாள். நீட்டில் 86. அவள் உச்ச நீதிமன்றம் வரை போனாள். தகுதியில் சமரசமே கிடையாது என்றார்கள். 2017 செப்டம்பர் 1 அன்று அவள் செத்துப்போனாள். தொலைக்காட்சியில் கனவான்கள் சிலர் தரம், தரம் என்று ஒரு வாரம் பேசினார்கள். நோயாளியின் உயிரோடு விளையாட முடியுமா என்று கேட்டார்கள். நல்ல கேள்வி. ஆறு வருடம் கழித்து, 2023 செப்டம்பரில், மேற்படிப்பு இடங்கள் காலியாகக் கிடக்கின்றன என்று முதுநிலை நீட்டுக்கான தகுதியை மத்திய அரசு பூஜ்ய பெர்சன்டைலுக்கு இறக்கியது. பூஜ்யம். தேர்வெழுதிய அத்தனை பேரும் தகுதியானவர்கள். கழித்தல் குறியோடு மதிப்பெண் வாங்கியவர்களும்கூட. பரீட்சை ஹாலுக்கு வழி தெரிந்தால் போதும், நிபுணராகும் வாசல் திறந்துவிட்டது. தரம் பேசிய கனவான்கள் அந்த வாரம் வேறு விவாதத்துக்குப் போயிருந்தார்கள். பெண் ஏழையாக இருந்தால் இரும்பாக நிற்கிற தகுதி, நாற்காலி காலியாக இருந்தால் ரப்பராகிவிடுகிறது.

அளவுகோலின் துல்லியத்தையும் பார்த்துவிட்டோமே. 2024 இளநிலை நீட்டில் 67 பேர் 720-க்கு 720. முடிவை வெளியிடத் தேர்ந்தெடுத்த நாள் ஜூன் 4, நாடே மக்களவைத் தேர்தல் முடிவைப் பார்த்துக்கொண்டிருந்த நாள். பாட்னாவில் வினாத்தாள் கசிவு, கோத்ராவில் கைது, கருணை மதிப்பெண், அதை ரத்து செய்தல் எல்லாம் நடந்து, கடைசியில் முழு மதிப்பெண்காரர்கள் 17 ஆகச் சுருங்கினார்கள். மறுதேர்வு தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தோடு, மூக்குத்தி, துப்பட்டாவைக் கழற்றச் சொல்லி வாசலில் சோதிப்பது மட்டும் குறையில்லாமல் நடக்கிறது.

இவ்வளவையும் தாண்டிக் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கிறோமே, அந்தக் கல்லூரி எப்படித் தேர்வானது? மருத்துவக் கவுன்சிலின் தலைவரையே லஞ்சப் புகாரில் சி.பி.ஐ. 2010 ஏப்ரலில் கைது செய்தது. பிறகு கவுன்சிலைக் கலைத்தார்கள், ஆணையம் அமைத்தார்கள், பெயர்ப்பலகை மாறியது. 2025-இல் சி.பி.ஐ. மறுபடி ஒரு வழக்கு போட்டது: ஆய்வுக்கு எந்த நாளில், யார் வருகிறார் என்ற ரகசியத்தை விற்றது, இல்லாத பேராசிரியர்களை இருப்பதாகக் காட்டியது, பயோமெட்ரிக் வருகைப்பதிவில் மோசடி செய்தது, ஆய்வு நாளன்று போலி நோயாளிகளைப் படுக்க வைத்தது என்று குற்றச்சாட்டுகள். வழக்கு நடக்கட்டும், தீர்ப்பு வரட்டும். எனக்குக் கவலை அந்த வாடகை நோயாளிகளைப் பற்றித்தான். பிரியாணிப் பொட்டலத்துக்கும் கூலிக்கும் படுத்த அந்த ஆளுக்கு நிஜமாகவே நெஞ்சுவலி வந்தால் அதே கட்டிலில் படுக்க முன்பணம் எவ்வளவு கேட்பார்கள்?

2022 பிப்ரவரியில், தனியார், நிகர்நிலைக் கல்லூரிகளில் பாதி இடங்களுக்கு அரசுக் கல்லூரிக் கட்டணமே வாங்க வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையம் ஒரு குறிப்பாணை விட்டது. கல்லூரிகள் நீதிமன்றப் படி ஏறின. கட்டணம் அதன் போக்கில் ஏறிக்கொண்டிருக்கிறது.

அப்போதும் கட்டுப்படியாகாதவர்களுக்கு ஜார்ஜியா இருக்கிறது, கிர்கிஸ்தான் இருக்கிறது, பிலிப்பைன்ஸ் இருக்கிறது. நட்சத்திர ஹோட்டலில் செமினார், நுழைவாயிலில் பன்னீர், மேடையில் பனி மூடிய மலைப் படம். "சவுத் இண்டியன் மெஸ் இருக்கு, தமிழ் பேசற வார்டன் இருக்காங்க" என்பார்கள். சாம்பாரைப் பற்றி அரை மணி நேரம் பேசியவர்கள், திரும்பி வந்து எழுத வேண்டிய தகுதித் தேர்வில் நாலு பேர் உட்கார்ந்தால் மூன்று பேர் தோற்பது வழக்கம் என்பதைச் சொல்ல மறந்துவிடுவார்கள். இப்படி மருத்துவம் படிக்கப் போய்ப் போரில் சிக்கி, 2022 மார்ச் 1 அன்று உக்ரைனின் கார்கிவில் சாப்பாடு வாங்க வரிசையில் நின்ற ஹாவேரி மாவட்டத்துப் பையன் குண்டுவீச்சில் செத்தான். பன்னிரண்டாம் வகுப்பில் 97 சதவீதம் எடுத்தும் இங்கே தன் மகனுக்கு இடம் கிடைக்கவில்லை என்று அவன் தந்தை சொன்னார். அதே நாட்களில்தான், வெளிநாட்டில் மருத்துவம் படிப்பவர்களில் 90 சதவீதம் பேர் இங்கே தேர்வில் தேறுவதில்லை என்று ஒரு மத்திய அமைச்சர் புள்ளிவிவரம் எடுத்துவைத்தார். பிள்ளைகள் பதுங்குகுழியில் இருந்தார்கள். அமைச்சருக்குப் பெர்சன்டேஜ் ஞாபகம் வந்தது.

நம்மூர்த் தலைவர்களை மட்டும் சும்மா விடுவானேன். நீட்டை ஒழிக்கும் ரகசியம் கையில் இருக்கிறது என்று தேர்தல் மேடையில் சொன்னார்கள். மசோதா 2021-இல் நிறைவேறியது, ஆளுநர் திருப்பி அனுப்பினார், 2022-இல் மறுபடி நிறைவேறியது, 2025-இல் குடியரசுத் தலைவர் ஒப்புதல் மறுத்தார். ரகசியம் இன்னும் பத்திரமாக இருக்கிறது. தனியார் மருத்துவக் கல்லூரி முதலாளிகளை வரிசையாக நிறுத்தினால் எல்லாக் கட்சிக் கரைவேட்டியும் அங்கே கிடைக்கும். இந்தச் சகதியில் உருப்படியாக நடந்த ஒரே காரியம் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள்ஒதுக்கீடு. அவர்கள் தனியார் கல்லூரியில் சேர்ந்தாலும் கட்டணத்தை அரசே கட்டுகிறது. 2020-இல் அதற்குக் கையெழுத்துப் போட அன்றைய ஆளுநருக்கு இன்னும் மூன்று நான்கு வாரம் யோசிக்க வேண்டியிருந்தது. மாநில அரசு தனியாக ஆணை பிறப்பித்த மறுநாளே யோசனை முடிந்து கையெழுத்து வந்துவிட்டது.

சரி, போன் செய்தவர் சொன்ன நாலு கல்லூரிக்கும் அப்பா காரெடுத்துப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். எழும்பூர் மகப்பேறு மருத்துவமனையில் ஒரு ராத்திரி டியூட்டியில் ஒரு மாணவி எத்தனை பிரசவம் பார்ப்பாள் என்று அவர் கேள்விப்பட்டிருக்கிறார். அந்த நினைப்பில் பி.ஆர்.ஓ.விடம் கேட்கிறார்: "போன மாசம் உங்க ஆஸ்பத்திரில எத்தனை நார்மல் டெலிவரி தம்பி?" அந்தத் தம்பி கோட்டைச் சரிசெய்துகொண்டு, "சார், நீங்க நீச்சல் குளம் பாக்கலையே, வாங்க" என்று கூட்டிப்போகிறார். போகிற வழியில் ஓ.பி. பிளாக். பளிங்குத் தரை, வரிசையாக ஸ்டீல் நாற்காலிகள், ஒரு செக்யூரிட்டி, சுவரில் நிறுவனரின் முழு உருவப் படம். நாற்காலிகளில் ஆளில்லை. ஏ.சி. நன்றாக வேலை செய்கிறது. அப்பாவுக்குப் பிடித்துப்போய்விட்டது.

காருக்குத் திரும்பியதும் நோட்டை எடுத்துக் கணக்குப் போடுகிறார். நாலரை வருடக் கட்டணம் 1.12 கோடி, ஹாஸ்டல், மெஸ். பிறகு எம்.டி. ரேடியாலஜி, அதற்கு இன்னும் ஒரு கோடிக்கு மேல். எதிர்ப் பக்கத்தில் வரவு: ஸ்கேனுக்கு இவ்வளவு, நாளைக்கு இத்தனை ஸ்கேன், பத்து வருடத்தில் அசல், பன்னிரண்டாவது வருடத்திலிருந்து லாபம். அந்த ஸ்கேன்களுக்குப் படுக்கப்போகிறவர்கள் இப்போதைக்கு நன்றாகத்தான் இருக்கிறார்கள். லேசான தலைவலிகூட இன்னும் வரவில்லை.