சேர்மான அண்ணாச்சி

நாகர்கோவிலைச் சுற்றி எந்தக் கல்யாண மண்டபத்துக்குப் போனாலும் அவர் இருப்பார். ஒழுகினசேரியில் இருப்பவர் சற்றுக் குள்ளம். தக்கலைக்காரருக்கு மீசை உண்டு. பூதப்பாண்டிக்காரர் துவர்த்தை இடது தோளில் போடுவார். மற்றபடி ஆள் ஒருவரே. முகூர்த்தம் பத்தரைக்கு என்றால் ஒன்பதுக்கே ஆஜர். மாப்பிள்ளையைப் பார்க்க அல்ல, ஆக்குப்புரையைப் பார்க்க. உருளிக்குப் பக்கத்தில் நின்று மூக்கை ஒருமுறை இழுத்துவிட்டு, "ஒண்ணாம் பாலு ஊத்தியாச்சா?" என்பார். தவசிப்பிள்ளை வாயைத் திறக்கமாட்டார். திறந்தால் அடுத்த கேள்வி வரும்.

அண்ணாச்சியின் கொள்கை சின்னது. தனியாகத் தின்னக்கூடிய பண்டம் என்று உலகத்தில் ஒன்றும் கிடையாது, எல்லாவற்றுக்கும் ஒரு சேர்மானம் உண்டு. புட்டுக்குப் பயறும் பப்படமும். மரச்சீனிக் கிழங்குக்குச் சாளைக் கறி, அதுவும் முந்தின நாள் வைத்தது. கஞ்சிக்குக் காணத்துவையல். பால் பாயசத்துக்குப் போளி. "பொண்ணுக்கும் மாப்பிளைக்கும் பத்துப் பொருத்தம் பாக்கேரு. பாயசத்துக்குப் பாக்காண்டாமா வேய்?" என்று பெண் வீட்டாரிடம் கேட்டவர் அவர். அந்தக் கல்யாணத்தில் போளி வரும்போது பால் பாயசம் தீர்ந்துபோயிருந்தது. அந்தத் தம்பதிக்கு இன்று இரண்டு பிள்ளைகள், ஒருவன் இன்ஜினீயரிங் படிக்கிறான். அண்ணாச்சி கணக்கில் அந்தக் கல்யாணம் இன்னும் முடியவில்லை.

ஆனால் அவருடைய உயிர் இருப்பது சிறுபருப்புப் பாயசத்தில். பருப்பை நெய்யில் சிவக்க வறுத்து, மூன்றாம் பாலில் வேகவிட்டு, வெந்தபின் சர்க்கரை சேர்த்து வரட்டி, இரண்டாம் பாலில் இளக்கி, கடைசியில் ஒண்ணாம் பாலை ஊற்றிய கையோடு இறக்கிவிட வேண்டும். அதற்குமேல் கொதித்தால் தேங்காய்ப்பால் திரிந்துபோகும். சுக்கு, ஏலம், நெய்யில் வறுத்த தேங்காய்த் துண்டு. இவ்வளவும் தவசிப்பிள்ளையின் வேலை. பாதி வேலை அத்துடன் முடிந்தது என்பார் அண்ணாச்சி. மீதிப் பாதி இலையில் நடக்கிறது.

அதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். பருப்பும் நெய்யும் விளம்பும்போதே இரண்டு பப்படம் கேட்டு வாங்கிவிடுவார். ஒன்று பருப்புச் சோற்றில் நொறுங்கும். மற்றது இலையின் மேல் ஓரத்தில், உப்பேரிக்கும் நார்த்தங்காய்க்கும் நடுவே, பக்கத்து இலைச் சிறுவனின் கைக்கு எட்டாத தூரத்தில் காவலில் இருக்கும். அவியல், எரிசேரி, துவரன், கிச்சடி எல்லாம் அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். கண் மட்டும் பப்படத்தில். சாம்பார் முடிந்து பாயசம் இலையில் விழுந்ததும் பழத்தை உரித்து முதலில் பிசைவார். மட்டிப் பழம் என்றால் உத்தமம். (2023-ல் கன்னியாகுமரி மட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது, ஏதோ தம் மகனுக்கு அரசு வேலை கிடைத்ததுபோல் தெருவில் நாலு பேரிடம் சொன்னார்.) பழம் பிசைந்தபின்தான் பப்படம். உள்ளங்கையில் வைத்து ஒரே அழுத்து. நொறுங்கிய சத்தம் கேட்டால் முகம் மலரும். கேட்காவிட்டால் பப்படம் நமுத்திருக்கிறது என்று பொருள். பந்தி முழுக்க அந்தச் செய்தி பரவும்.

உப்பு இல்லாத இனிப்பு திகட்டும், மொறுமொறுப்பு இல்லாத குழைவு அலுக்கும். இதை ஒரு சமையல் நிபுணர் எழுதினால் நாலு பக்கம் ஆகும். அண்ணாச்சி ஒரு பப்படத்தில் சொல்லிவிடுகிறார். அவருக்குச் சர்க்கரை வியாதி உண்டு, இனிப்பைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பப்படம் சேர்ந்துவிட்டால் அது இனிப்பில்லை, கூட்டான் கணக்கில் வரும் என்பது அவர் வாதம். டாக்டரிடம் அதைச் சொல்லியும் பார்த்திருக்கிறார்.

அவருக்கு இரண்டு எதிரிகள். முதல் எதிரி பேப்பர் கப். பாயசத்தைக் கப்பில் ஊற்றி இலைக்குப் பக்கத்தில் வைக்கும் புதுப்பழக்கம் வந்ததிலிருந்து அவருக்குத் தூக்கம் குறைந்துவிட்டது. "கப்புல பழத்தை எப்பிடிலே பிசையது?" நியாயமான கேள்வி. நான் அவர் கட்சி. கப்பைக் கண்ட மாத்திரத்தில் தலைகீழாக இலையில் கவிழ்ப்பார். விளம்ப வந்த பையன் கொட்டிவிட்டது என்று நினைத்துத் துணி எடுக்க ஓடுவான்.

இரண்டாவது எதிரி ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு அந்தப்புறம் உள்ள மொத்த உலகம். அங்கெல்லாம் எல்லாம் தின்று முடித்தபின் கடைசியில் இனிப்பு வைக்கிறார்கள் என்று அவருக்குத் தகவல். நம்மூர்ப் பந்தியில் பாயசம் நடுவில் வரும். பின்னால் புளிசேரி, ரசம், மோர் என்று வரிசையாக வந்து நாக்கைக் கழுவிக் கரையேற்றும். 1956 நவம்பர் 1-ஆம் தேதி இந்த மாவட்டம் திருவிதாங்கூர்-கொச்சியைவிட்டுச் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. நிலம் வந்தது, வயல் வந்தது, ஆபீஸ் வந்தது. இலை மட்டும் வரமாட்டேன் என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டது. மெட்ராஸில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்து ஒரு வாரம் இதையே சொல்லிக்கொண்டிருந்தார்: "இனிச்ச வாயோட கை களுவச் சொல்லுகான் மக்கா!"

இப்படிப்பட்டவர் வீட்டுக்குத்தான் அமெரிக்காவிலிருந்து மருமகன் வந்தான். அக்காள் மகன். கவிமணி கேலி செய்து பாடிய மருமக்கள் வழி ஒழிந்து எத்தனையோ காலமாயிற்று. காரணவர் சொத்து இப்போது மருமகனுக்குப் போவதில்லை. ஆனாலும் அண்ணாச்சியிடம் உள்ள ஒரே பெரிய சொத்து அவர் நாக்கு, அதை வாங்கிக்கொள்ள அவர் பிள்ளைகளில் ஒருவரும் தயாராக இல்லை. மகன் ஓட்ஸ் சாப்பிடுகிறான். அதனால் மருமகன்மேல் ஒரு கண்.

மருமகன் மனைவி ஒருநாள் சாயங்காலம் ஆப்பிள் பை செய்தாள். ஆப்பிள் துண்டுகளைச் சீனியும் பட்டைத்தூளும் போட்டுப் புரட்டி, வெண்ணெய் சேர்த்துப் பிசைந்த மைதா மாவுக்குள் மூடி ஓவனில் சுட்டது. வாசனை நடைவரை வந்தது. அண்ணாச்சி தட்டைச் சுற்றிலும் பார்த்தார்.

"இதுக்கு என்ன சேர்மானம் மக்ளே?"

இந்தக் கேள்வியை அமெரிக்காவிலேயே கேட்டுச் சட்டம் போட்டிருக்கிறார்கள் என்றான் மருமகன். அவன் சொன்னது உண்மை. வெர்மான்ட் மாநிலம் 1999-ல் ஆப்பிள் பையைத் தன் மாநிலப் பண்டமாகச் சட்டம் இயற்றி அறிவித்தது. அதோடு விடவில்லை. அங்கே ஆப்பிள் பை பரிமாறுகிறவர்கள் ஒரு குவளை குளிர்ந்த பாலோ, அரை அவுன்ஸுக்குக் குறையாத ஒரு துண்டு செடார் சீஸோ, பெரிய கரண்டி வெனிலா ஐஸ்கிரீமோ, மூன்றில் ஒன்றையாவது கூட வைக்க மனமார முயல வேண்டும் என்று எழுதியும் வைத்தது.

அண்ணாச்சி நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். வாழ்நாள் முழுக்கத் தனியாளாகப் போராடியவருக்குக் கடல் தாண்டி ஒரு சட்டசபை துணைக்கு வந்திருக்கிறது.

"அரை அவுன்ஸுன்னா எவ்வளவு?"

"பதினாலு கிராம் வரும் மாமா."

"கொறச்சு விளம்பினா எத்தர வருசம் உள்ள போடுவான்?"

தண்டனை ஒன்றும் கிடையாது, முயற்சி செய்தால் போதும் என்றதும் சற்று வாடினார். பிறகு ஒவ்வொன்றாக விசாரணைக்கு எடுத்தார். குளிர்ந்த பால் அப்போதே தள்ளுபடி: "சளி பிடிக்கும்." சீஸ் என்றதும் யோசித்தார். பாலைப் புளிக்கவைத்து உப்புப் போட்டு இறுக்கியது என்று மருமகன் விளக்கினான். இங்கிலாந்தில் யார்க்‌ஷயர்க்காரர்களும் ஆப்பிள் பையோடு வென்ஸ்லிடேல் சீஸ்தான் வைத்துத் தின்கிறார்கள் என்று கூடுதலாக ஒரு சாட்சியையும் நிறுத்தினான். அண்ணாச்சி தொடையில் தட்டினார்.

"உப்பு! வெள்ளைக்காரனுக்கும் உப்பு வேணும் பாத்துக்கோ. அவனுக்குப் பப்படம் கெடைக்கல்ல, பாவம், சீஸை வச்சு ஒப்பேத்துகான்."

வீட்டில் சீஸ் இல்லை. ஐஸ்கிரீம் இருந்தது. சுடச்சுட ஒரு துண்டின்மேல் ஒரு கரண்டி வைத்துக் கொடுத்தார்கள். ஸ்பூனை ஒதுக்கிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். உருகி வழிந்த ஐஸ்கிரீம் ஆப்பிளுக்குள் இறங்கியது. "ஒண்ணாம் பாலு" என்று தமக்குள் சொல்லிக்கொண்டு கையால் பிசைந்தார். அந்த மேல்தோடு விரலுக்கடியில் நொறுங்கிய சத்தம் எனக்கே கேட்டது. ஒரு துண்டு முடிந்தது, இன்னொன்றும் முடிந்தது. "கொள்ளாம்" என்றார். அந்த வாயிலிருந்து இதற்குமேல் எந்தப் பண்டமும் சான்றிதழ் வாங்கியதில்லை. பிறகு அடுக்களைப் பக்கம் திரும்பி, "மத்தியானத்து ரசம் கெடக்கா?" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வடசேரியில் ஒரு கல்யாணம். கேட்டரிங் ஆட்கள் சீருடை போட்ட கல்லூரிப் பையன்கள். பாயசம் கப்பில் வந்தது, வழக்கம்போல் இலையில் கவிழ்ந்தது. காவலில் வைத்திருந்த பப்படத்தை மட்டும் அன்றைக்குப் பக்கத்து இலைச் சிறுவன் எப்படியோ எடுத்துவிட்டான். அண்ணாச்சி விளம்புகிற பையனைக் கையைக் காட்டி அழைத்தார்.

"லேய் மக்கா, இங்க வா. அமெரிக்காவுல பாயசத்துக்குப் பப்படம் விளம்பல்லன்னா கேசு, தெரியுமா? பதினாலு கிராமுக்குக் கொறையப்பிடாது. தொண்ணூத்தொம்பதுலேயே சட்டம் போட்டாச்சு."

பையன் சட்டம் படிக்கிறவன்போல் இருக்கிறது. எந்தச் செக்‌ஷன் என்று கேட்க வாயெடுத்தவன், அண்ணாச்சியின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பப்படக் கூடையை அப்படியே இலைக்கு முன்னால் வைத்துவிட்டுப் போனான்.