கடல் எங்கே சார்?

கே: சென்னை பீச் ஸ்டேஷனில் இறங்கினால் கடலையே காணோமே! எங்கே போயிற்று?

ப: துறைமுகம் வளைத்துப் போட்டுக்கொண்டது! அதற்கு முன் கப்பல்கள் தூரத்திலேயே நங்கூரமிடும். ஆணியில்லாமல் கயிற்றால் தைத்த மசூலாப் படகில் ஏறி, அலையோடு மல்லுக்கட்டி, சொட்டச் சொட்ட நனைந்துதான் பயணிகள் கரைசேர வேண்டும். கட்டிக்கொண்டிருந்த துறைமுகத்தை 1881 புயல் உடைத்துப் போட்டது; விடாப்பிடியாக மறுபடி கட்டினார்கள். துறைமுகச் சுவர் மணலை மறித்ததில் தெற்கே மெரினாவுக்கு யோகம் அடித்தது; வடக்கே ராயபுரம் பக்கம் கரை அரித்துப்போனது. பக்கத்திலிருக்கும் உயர் நீதிமன்றக் கோபுர உச்சியில் 1894 முதல் 1977 வரை கலங்கரை விளக்கம் எரிந்தது. உள்ளே கட்சிக்காரருக்குக் கரை தெரிந்ததோ இல்லையோ, வெளியே கப்பலுக்குத் தெரிந்தது!